பேட்டர்ன்களுக்கு நடுவில் மாணவர் எங்கே?

டிசைன் பேட்டர்ன்களுக்கு, அதாவது மென்பொருள் எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்குப் பெயரிட்டு வைத்திருக்கும் தீர்வு வடிவங்களுக்கு, நான் எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதி படிக்கும்போதே "இன்னொருவர் கிளம்பிவிட்டார்" என்று தோன்றிவிடும். யாரோ எழுதிய நிரலைத் திறந்ததும் ஃபாக்டரி, ஆப்சர்வர், ஸ்ட்ராட்டஜி என்று தெரிந்த பெயர்கள் கண்ணில் பட்டால் ஒரு நிம்மதி வரத்தான் செய்கிறது. எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார், நாமும் சீக்கிரம் வழி கண்டுபிடித்துவிடலாம் என்ற நிம்மதி. அந்த நிம்மதி மேல்தான் இப்போது எனக்குச் சந்தேகம். எல்லா மென்பொருளிலும் இல்லை, பாடம் சொல்லிக்கொடுக்கும் மென்பொருளில்.

வீடியோ ஓட்டிக் காட்டிவிட்டுக் கடைசியில் நாலு கேள்வி கேட்கும் செயலிகளைப் பற்றி நான் பேசவில்லை. ஒருவர் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் பார்த்து, தேவைப்பட்டால் குறிப்புக் கொடுத்து, அடுத்து என்ன கணக்குத் தரலாம் என்று தானே முடிவு செய்யும் நிரல்களைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இதற்கு நீளமான பெயர் உண்டு. வேலை பார்க்கிறவர்கள் சுருக்கமாக ட்யூட்டர் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஹைமே கார்போனெல் 1970-இல் தென் அமெரிக்கப் புவியியல் சொல்லித்தர உருவாக்கிய ஸ்காலர் என்ற நிரலிலிருந்து கணக்கு வைத்தால் இந்தத் துறைக்கு அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. டிசைன் பேட்டர்ன்களை நால்வர் சேர்ந்து புத்தகமாகப் போட்டது 1994-இல். அதாவது ட்யூட்டர்கள் மூத்தவை. இருந்தும் இன்று ட்யூட்டர் எழுத உட்காரும் எந்தக் குழுவும் முதலில் கைநீட்டுவது அந்தப் புத்தகத்திலுள்ள 23 பேட்டர்ன்களை நோக்கித்தான்.

பொருந்துவதுபோல் தெரிவது

அதற்குக் காரணமும் இருக்கிறது. ட்யூட்டரின் உள்ளமைப்பைப் பற்றி எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் நான்கு பெட்டிகள் போட்ட ஒரு படம் வரும்: பாடப்பொருள் அறிவு, மாணவரைப் பற்றிய கணிப்பு, கற்பிக்கும் முறை, திரை. பெட்டிகளைப் பார்த்த மாத்திரத்தில் மென்பொருள்காரரின் கை துறுதுறுக்கும். கற்பிக்கும் முறையை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டுமா, ஸ்ட்ராட்டஜி. மாணவர் ஏதாவது செய்தால் பலருக்குத் தெரிய வேண்டுமா, ஆப்சர்வர். மாணவர் புதியவர், பழகுகிறவர், தேர்ந்தவர் என்று மாறிக்கொண்டே இருப்பாரா, ஸ்டேட். பிழையைக் கண்டுபிடிக்க வரிசையாகப் பலரிடம் கேட்க வேண்டுமா, செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டி. மதியத்துக்குள் வெள்ளைப் பலகை நிறைந்துவிடும், எல்லோருக்கும் திருப்தி.

நான் போய்ச் சேர்ந்த ஒரு குழுவின் நிரல் இப்படித்தான் இருந்தது. ஆரம்பப் பள்ளிக் கழித்தலும் பின்னமும் சொல்லித்தரும் ட்யூட்டர். சுத்தமான நிரல், சோதனைகள் எல்லாம் பச்சை. அதில் குறை சொல்லப்போனால் பொறாமை என்றுதான் நினைப்பார்கள்.

ஆனாலும் சில இடங்கள் ஆரம்பத்திலிருந்தே உறுத்தின. ஸ்டேட் பேட்டர்னை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தனித் துண்டு நிரல், கிளாஸ் என்பார்கள். கோப்பு ஒன்றுக்கு இது அருமையாகப் பொருந்தும்: திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது, நடுவில் எதுவும் கிடையாது. ஒரு பிள்ளை அப்படியா? கடன் வாங்கத் தேவையில்லாத கழித்தலில் தேர்ந்திருக்கும், பூச்சியத்திலிருந்து கடன் வாங்க வேண்டி வந்தால் விழிக்கும், பின்னத்தில் பகுதியைச் சமமாக்கத் தெரியும், ஆனால் தொகுதியை அதற்கேற்ப மாற்ற மறந்துவிடும். இந்தப் பிள்ளையை எந்தக் கிளாஸில் போடுவது? 'பழகுகிறவர்' என்பது உலகத்தில் எல்லோருக்கும் பொருந்தும் விவரம். திறன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு வைத்துக்கொள்வதுதான் இத்துறை வெகுநாளாகச் செய்துவருவது. அது ஒரு எண்களின் பட்டியல், அவ்வளவே. அதற்குப் பேட்டர்ன் வேண்டியதில்லை. கணினி அறிஞர் பீட்டர் நார்விக் 1996-லேயே ஓர் உரையில், அந்த 23-இல் 16 பேட்டர்ன்கள் லிஸ்ப், டைலன் மாதிரியான நிரல் மொழிகளில் எளிமையாகிவிடுகின்றன அல்லது காணாமலே போய்விடுகின்றன என்று காட்டினார். மொழியின் போதாமையைத்தான் சில சமயம் வடிவமைப்பு என்று கொண்டாடுகிறோம். சரி, அது வேறு சண்டை.

ஸ்ட்ராட்டஜியின் கதை கொஞ்சம் நுட்பமானது. ட்யூட்டருக்குள் இரண்டு சுழற்சிகள் ஓடுகின்றன என்று 2006-இல் ஆய்வாளர் கர்ட் வான்லேன் பிரித்துக் காட்டினார். வெளிச்சுழற்சி அடுத்த கணக்கைத் தேர்ந்தெடுக்கிறது. உட்சுழற்சி ஒரு கணக்குக்குள் படிக்குப் படி கூடவே நடக்கிறது. வெளிச்சுழற்சிக்கு ஸ்ட்ராட்டஜி கச்சிதம். வரிசையாகக் கொடு, பலவீனமான திறனைப் பார்த்துக் கொடு, பழையதையும் நடுவில் கலந்து கொடு என்று எந்த வழியைப் பொருத்தினாலும் வெளியே வருவது ஒரு கணக்கு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம், மற்ற பகுதிகளுக்குத் தெரியவே தெரியாது.

உட்சுழற்சியில் அதே வித்தை பலிக்காது. எங்கள் நிரலில் குறிப்புக் கொடுக்க மூன்று வழிகள் இருந்தன: விதியை நினைவூட்டுவது, தீர்த்த உதாரணத்தைக் காட்டுவது, எதிர்க்கேள்வி கேட்பது. மூன்றுக்கும் ஒரே இன்டர்ஃபேஸ், மாணவரையும் கணக்கையும் கொடுத்தால் குறிப்பு வரும். முதல் குறிப்பு வரை எல்லாம் சரிதான். பிள்ளைக்கு அது புரியவில்லை, மறுபடியும் கேட்கிறது. இப்போது உதாரண வழி வேலையை எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் என்ன சொல்லப்பட்டது என்றே தெரியாது, ஆகவே முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. திரையில் பார்த்தால் இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் பேசியது இன்னொருவருக்குக் கேட்காமல் மாறி மாறிப் பேசுவது மாதிரி இருக்கும். இதைச் சரிசெய்ய இன்டர்ஃபேஸில் முந்தைய குறிப்புகளின் பட்டியல் ஒன்று சேர்ந்தது. அது போதவில்லை, முந்தைய குறிப்பு எந்த வகை என்ற தகவலும் சேர்ந்தது. அப்புறம் "முந்தையது எதிர்க்கேள்வி என்றால்" என்று உதாரண வழிக்குள் ஒரு நிபந்தனை வந்து உட்கார்ந்தது. ஒன்றையொன்று அறியாமல் இருப்பதற்காகப் பிரிக்கப்பட்ட கிளாஸ்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டன.

உட்சுழற்சி ஏதோ ஒரு சின்ன விஷயம் என்றால் இதைப் பொறுத்துப் போகலாம். அதே வான்லேன் 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இறுதி விடையை மட்டும் பார்க்கும் நிரல்களின் தாக்கம் சராசரியாக 0.31 திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் வழக்கமான பரவலை அளவுகோலாகக் கொண்ட அலகு), படிக்குப் படி பார்ப்பவற்றுக்கு 0.76, மனித ஆசிரியர் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் 0.79 என்று வந்தது. ட்யூட்டரின் மதிப்பு முழுக்க உட்சுழற்சியில்தான் இருக்கிறது என்று இதை நான் வாசிக்கிறேன். நாம் பேட்டர்ன் போட்டு அழகாக நறுக்குவதும் அந்த இடத்தைத்தான்.

33 என்ற விடை

இதெல்லாம் உறுத்தலாக மட்டும் இருந்த காலத்தில், பாடப்பொருளைச் சரிபார்க்க ஓர் ஆசிரியை அவ்வப்போது குழுவோடு வந்து உட்காருவார். பல வருடம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மென்பொருள் பற்றி அவருக்கு அக்கறை இல்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒருநாள் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். கணக்கு 50 − 23. பிள்ளை எழுதியது 33.

"இந்தப் பிள்ளை ஏன் 33-ன்னு எழுதுச்சுன்னு உங்க ப்ரோக்ராம் நினைக்குது? அதைக் கொஞ்சம் காட்டுங்க."

எங்கள் குழுத் தலைவர் உற்சாகமாகத் திரையைத் திருப்பினார். "இதோ மேடம், பிழை கண்டுபிடிக்கிற இடம்" என்று ஒரு கோப்பைத் திறந்தார். அது அடுத்ததைக் கைகாட்டியது, அது இன்னொன்றைக் கைகாட்டியது. கடைசியில் வந்து நின்ற பதில் ஒரு பெயர்: சிறியதைப் பெரியதிலிருந்து கழிக்கும் பிழை. அதாவது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிடுவது. 3-இல் 0 போனால் 3, 5-இல் 2 போனால் 3, ஆக 33.

ஆசிரியை தலையாட்டினார். "அப்படியும் இருக்கலாம். பூச்சியத்திலிருந்து எது போனாலும் அதுவேதான் மிச்சம்னு நினைக்கிற பிள்ளைங்களும் இருக்காங்க சார். அவங்களும் 33-தான் எழுதுவாங்க. இது எதுன்னு எப்படிச் சொன்னீங்க?"

யாரிடமும் பதில் இல்லை. ஏனென்றால் கோளாறு அந்தப் பேட்டர்ன் வேலை செய்யும் விதத்திலேயே இருந்தது. செயின் ஆஃப் ரெஸ்பான்சிபிலிட்டியில் கோரிக்கை வரிசையாகப் போகும், முதலில் "இது என்னுடையது" என்று சொல்பவரிடம் நின்றுவிடும். வரிசையில் முதலில் இருந்த பிழை அதைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதிடம் யாரும் கேட்கவே இல்லை. ஒரு பட்டனை யார் கையாள வேண்டும் என்று தீர்மானிக்க இது அற்புதமான ஏற்பாடு, பொறுப்பேற்க ஒருவர் கிடைத்தால் போதும். ஒரு பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்ற கேள்விக்கு முதலில் கைதூக்கியவர் சொல்வதே பதில் என்று வைத்துக்கொள்வது அநியாயம்.

அந்த இடத்தில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. ஆசிரியை அடுத்துச் சொன்னது இன்னும் முக்கியம்: "52-லேர்ந்து 38 கழிக்கச் சொல்லுங்க. தெரிஞ்சிடும்." அவ்வளவுதான். முதல் வகைப் பிள்ளை 26 என்று எழுதும். இரண்டாம் வகைப் பிள்ளைக்கு இங்கே பூச்சியமே இல்லாததால் ஒழுங்காகக் கடன் வாங்கி 14 என்று எழுதிவிடும். ஒரே ஒரு கணக்கு, இரண்டு ஊகங்களும் பிரிந்துவிடும். அதே பிள்ளைகளிடம் 74 − 31 கொடுத்திருந்தால் இருவரும் 43 என்று சரியாக எழுதியிருப்பார்கள், நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தச் 'சரி'யைப் பார்த்து நம் நிரல் மகிழ்ந்து மதிப்பெண்ணையும் ஏற்றியிருக்கும்.

இது புதிய ஞானம் ஒன்றுமில்லை. 1978-இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் பக்கி என்ற நிரலைப் பற்றி எழுதியபோதே கழித்தல் பிழைகளை இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். கவனக்குறைவு போலத் தெரியும் விடைகளில் பல, பிள்ளை ஒரு தவறான விதியைத் தவறாமல் பின்பற்றியதன் விளைவு என்பது அவர்கள் சொன்னது. ஒரே விடைக்குப் பல பிழைகள் காரணமாகலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. பழைய ஆட்கள் தெரிந்துவைத்திருந்ததை நாம் பேட்டர்னுக்குள் வைத்துத் தொலைத்திருக்கிறோம்.

சரி, செயினை எடுத்துவிட்டு எல்லாப் பிழைகளிடமும் கேட்டு, பொருந்துபவற்றையெல்லாம் பட்டியலாகத் திருப்பித் தரச் சொன்னால் முடிந்ததா? அதற்கு அரைநாள் போதும். ஆனால் அந்தப் பட்டியல் வெளிச்சுழற்சிக்குப் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் அது 52 − 38 மாதிரி ஒரு கணக்கைத் தேர்ந்தெடுக்க முடியும். அந்தக் கணக்கின் விடை வந்ததும் பழைய 33-ஐப் பற்றிய முடிவு மாற வேண்டும். நான்கு பெட்டிப் படத்தில் இதற்குக் கோடே இல்லை. பெட்டிகளுக்கு நடுவே ஓடும் இன்டர்ஃபேஸ்களில் போவது முடிவுகள்: 'பிழை இது', 'திறன் 0.41', 'அடுத்த கணக்கு அது'. சந்தேகத்தைச் சந்தேகமாகவே கடத்த எங்கும் இடம் வைக்கவில்லை.

ஒரே சரி, இரண்டு அர்த்தம்

ஆசிரியையின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற இடங்களையும் பார்க்க ஆரம்பித்தேன். அடுத்து மாட்டியது ஆப்சர்வர்.

பின்னக் கூட்டல், 1/2 + 1/3. முதல் படி, பொதுவான பகுதி என்ன என்று கட்டத்தில் எழுத வேண்டும். ஒரு பிள்ளை வந்தவுடன் குறிப்பு பட்டனை அழுத்துகிறது. "இரண்டு பகுதிகளாலும் வகுபடும் எண் ஒன்றை யோசி." மறுபடி அழுத்துகிறது. "2, 3 இரண்டின் மடங்குகளையும் எழுதிப் பார்." மறுபடி. "கட்டத்தில் 6 என்று எழுது." பிள்ளை 6 என்று எழுதுகிறது. 'சரியான படி' என்ற நிகழ்வு கிளம்புகிறது, காத்திருக்கும் ஆப்சர்வர்கள் எல்லோருக்கும் செய்தி போகிறது. திரை பச்சையாகிறது. குறிப்புகளை எண்ணுபவர் மூன்று என்று எழுதிக்கொள்கிறார். மாணவர் கணிப்பை வைத்திருப்பவர், ஆகா, சரியாகப் போட்டுவிட்டது என்று திறனை ஏற்றுகிறார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைக் குறையில்லாமல் செய்தார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. ஆப்சர்வரின் பெருமையே அதுதானே.

எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம். 1990-களின் நடுவில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் முன்வைத்த பேயீசிய முறைதான், அதாவது புதிய சான்று வர வர நிகழ்தகவைத் திருத்திக்கொண்டே போகும் முறைதான், இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. அதில் நான்கே எண்கள்: ஏற்கெனவே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு முயற்சியில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரியாமலே ஊகித்துச் சரியாகும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு. இவற்றை 0.4, 0.1, 0.2, 0.1 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன படியைச் 'சரி' என்று கணக்கில் எடுத்தால் 0.4 ஒரே தாவலில் 0.78 ஆகிறது. முதல் செயலே குறிப்புக் கேட்டதுதான், ஆகவே தெரியவில்லை என்று எடுத்தால் அது 0.17-க்கு இறங்குகிறது. ஒரே பிள்ளை, ஒரே நிமிடம், ஒரே 6. இன்னும் இரண்டு படிகளில் இதே மாதிரி செய்தால் முதல் வழியில் 0.95-ஐத் தாண்டிவிடும், 'தேர்ச்சி' என்று வழக்கமாகக் கோடு போடும் இடம் அதுதான். குறிப்பைக் கடைசிவரை அழுத்தி விடையைப் பிடுங்கும் இந்தப் பழக்கத்துக்குத் துறையில் தனிப் பெயரே உண்டு. 2004 முதல் ரையான் பேக்கரும் மற்றவர்களும் இதை விடாமல் ஆராய்ந்திருக்கிறார்கள். கார்பெட்-ஆண்டர்சன் மரபு ட்யூட்டர்கள் படியின் முதல் செயலை மட்டுமே சான்றாக எடுத்துக்கொள்வது இந்த இடத்தில் கைகொடுக்கிறது.

ஆக, ஒரு நிகழ்வு தனியாக எதையும் சொல்வதில்லை. '6 எழுதப்பட்டது' என்பதன் பொருள் அதற்கு முன் நடந்தவற்றில் இருக்கிறது. ஆப்சர்வர் நிகழ்வுகளைத் தனித்தனியாக வீசி எறியும், யார் முதலில் பிடிக்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. குறிப்பு எண்ணுபவரைக் கணிப்பாளர் போய்க் கேட்கலாமே என்றார் ஒரு நண்பர். கேட்கலாம், வரிசை மாறினால் பழைய எண்ணிக்கை கிடைக்கும். அந்த நிரல் கோளாறைத் தேடி இன்னொருவர் ஒரு வாரம் அலைவார்.

எழுதியதை அப்படியே வைத்துக்கொள்வது

இரண்டு இடத்திலும் நோய் ஒன்றுதான் என்று தோன்றியது. சான்றையும் முடிவையும் ஒன்றாகப் பிசைந்துவிடுகிறோம். மருத்துவர் ஒருவர் நோயின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, காய்ச்சல் எப்போது வந்தது, என்ன மருந்து கொடுத்தோம் என்ற தாளைக் கிழித்துப் போடுவது மாதிரி. மறுநாள் வேறு அறிகுறி வந்தால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

இதற்கு உதவியதும் அதே 23-இல் ஒன்றுதான், அதனால்தான் நான் எதிரி இல்லை என்றேன். கமாண்ட். ஒரு செயலையே பொருளாக்கி வைத்துக்கொள்வது. வழக்கமாக இதை எழுதியதைத் திரும்பப் பெறும் வசதிக்காகச் சொல்லிக்கொடுப்பார்கள். ட்யூட்டரில் அதன் பயன் வேறு. கார்னகி மெலன் பல்கலைக்கழக வழிவந்த ட்யூட்டர்களில் மாணவரின் ஒவ்வொரு செயலும் மூன்று துண்டுகளாகப் பதிவாகும்: எந்த இடம், என்ன செய்கை, என்ன உள்ளீடு. 'முதல் பகுதிக் கட்டம், எழுதுதல், 6.' அதோடு நேரமும், அப்போது திரையில் இருந்த குறிப்பும், கணக்கின் பதிப்பும் சேர்ந்தால் போதும். திறன் 0.78-ஆ 0.17-ஆ என்பதை எங்கும் மூலமாகச் சேமிப்பதில்லை. பதிவை முதலிலிருந்து ஓட்டினால் கிடைக்கும் கணக்கு அது. பிழை ஊகங்களும் அப்படியே. 52 − 38-க்கு விடை வந்ததும் 33-ஐப் பற்றிய கருத்து தானாக மாறிவிடும், ஏனென்றால் 33-ஐப் பற்றி நாம் எதையும் கல்லில் வெட்டவில்லை. வேகத்துக்காக நடுவில் ஒரு நகலை எடுத்துவைத்துக்கொள்ளலாம், அந்த 23-இல் இன்னொன்றான மெமென்டோ என்று பெயர் வைக்க ஆசைப்படுபவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் பதிவில் 'சரி', 'தவறு' என்ற சொற்களே வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சிலருக்கு அது அதிகப்படி என்று பட்டது. சரி-தவறு என்பதும் அன்றைய விதியின் தீர்ப்புதான். 1/4 + 1/6 கணக்கில் ஒரு பிள்ளை பொதுப் பகுதியாக 24 எழுதியிருந்தது. நிரல் 12-ஐ எதிர்பார்த்துச் சிவப்புப் போட்டிருந்தது. 24-இல் என்ன தப்பு? ஒன்றுமில்லை, கடைசியில் 10/24-ஐச் சுருக்க வேண்டும், அவ்வளவே. எதிர்பார்க்கும் வழிகளையெல்லாம் முன்கூட்டியே வரைந்துவைக்கும் முறையில் இந்தச் சிக்கல் வந்துகொண்டே இருக்கும். ஸ்டெல்லன் ஓல்சன் 1992-இல் முன்வைத்த கட்டுப்பாட்டு முறை இங்கே எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியூசிலாந்தில் அன்டோனியா மிட்ரோவிச், தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் சொல்லித்தரும் ட்யூட்டரை இந்த முறையில்தான் உருவாக்கினார். ஒவ்வொரு விதியிலும் இரண்டு பாதி: எப்போது இது பொருந்தும், பொருந்தினால் எது உண்மையாக இருக்க வேண்டும். "பொதுப் பகுதி எழுதப்பட்டிருந்தால், அது இரண்டு பகுதிகளாலும் வகுபட வேண்டும்." 12 தேறும், 24 தேறும், 36-உம் தேறும், 10 தேறாது. யாரும் 24-க்கென்று ஒரு வரி எழுத வேண்டியதில்லை. விதியை இப்படி மாற்றிய பிறகு பழைய பதிவை ஓட்டினால் அந்தப் பிள்ளைக்கு நடந்த அநியாயம் சரியாகிவிடும். பதிவில் 'தவறு' என்று மட்டும் இருந்திருந்தால் அந்த 24 யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்டே இருப்பதும் பைத்தியக்காரத்தனம். ஜான் செல்ஃப் 1980-களின் கடைசியிலேயே மாணவர் கணிப்பு கைமீறிப் போவதைப் பார்த்து, வைத்தியம் பார்க்க முடியாத நோயைக் கண்டுபிடிக்க மெனக்கெடாதே என்கிற பொருளில் ஒரு அறிவுரை சொன்னார். இரண்டு பிழைகளுக்கும் நாம் கொடுக்கப்போகும் குறிப்பு ஒன்றே என்றால் பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? எங்கள் ஆசிரியையிடம் இதைக் கேட்டேன். கழித்தலில் பிரிக்க வேண்டும் என்றார், ஏனென்றால் ஒருவருக்கு இடமதிப்பைச் சொல்லித்தர வேண்டும், இன்னொருவருக்குப் பூச்சியத்தை. பின்னத்தில் நாங்கள் வைத்திருந்த சில பிழை வகைகளை வேண்டாம் என்று ஒதுக்கினார். இந்தத் தீர்ப்பை எந்த மென்பொருள் நூலும் தராது.

பேட்டர்ன் என்ற கருத்தே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரிடமிருந்து வந்தது. 1977-இல் அவரும் கூட்டாளிகளும் தொகுத்தவை 253. அவை வீடுகளும் தெருக்களும் அறைகளும் அவற்றில் வாழ்கிறவர்களுக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. செங்கல் அடுக்கும் வசதியைப் பற்றியவை அல்ல. 1996-இல் மென்பொருள்காரர்களின் மாநாடு ஒன்றில் அவரைப் பேச அழைத்தபோது, வடிவத்தை எடுத்துக்கொண்டீர்கள், அதனால் மனிதர்களின் வாழ்க்கை மேம்படுகிறதா என்பதையும் பார்க்கிறீர்களா என்ற தொனியில் கேட்டுவிட்டுப் போனார். ட்யூட்டருக்கு நமக்கு இன்று வேண்டிய பேட்டர்ன்கள் அந்த ரகம்: 'ஒரே விடைக்கு இரண்டு காரணம் இருந்தால், பிரித்துக் காட்டும் கணக்கைக் கொடு.' 'குறிப்பைப் படிக்கும் நேரம்கூட இல்லாமல் அடுத்த குறிப்பு கேட்கப்பட்டால், அடுத்த குறிப்பைக் கொடுக்காதே, படியைச் சின்னதாக்கு.' சூழல், சிக்கல், தீர்வு மூன்றும் இதில் இருக்கின்றன. கிளாஸ் வரைபடம் மட்டும் இல்லை, அதனால் பேட்டர்ன் என்று ஏற்கத் தயங்குகிறோம்.

இப்போது பெரிய மொழி மாதிரிகள் வந்துவிட்டன, இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை பெரும்பாலானோர் செய்வது, அதே ஸ்ட்ராட்டஜி இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் மூன்று கிளாஸுக்குப் பதிலாக ஒரு மாதிரியை உட்காரவைப்பது. குறிப்பின் மொழி அழகாகிறது, முந்தைய உரையாடலும் அதற்கு நினைவிருக்கிறது. அந்த அளவில் லாபம்தான். ஆனால் அது ஏன் அந்தக் குறிப்பைக் கொடுத்தது என்று ஆசிரியை கேட்டால், கேட்ட பிறகு ஒரு காரணத்தைச் சரளமாக இட்டுக்கட்டிச் சொல்லும் திறமையும் அதற்கு இருக்கிறது. முதலில் கைதூக்கிய பிழையாவது தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றது. மாணவர் செய்ததையும் மாதிரி சொன்னதையும் வரிசை மாறாமல் பதிவில் வைக்காமல் இதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது என் கட்சி.

திரும்ப ஓட்டினால்

இத்தனைக்கும் பிறகு ஒரு தகராறு மட்டும் தீரவில்லை. பதிவைத் திரும்ப ஓட்டினால் பழைய முடிவுகள் மாறும், அதற்காகத்தானே இத்தனை பாடு. மாறியது. பின்னக் கூட்டலில் 'தேர்ச்சி' என்று திரையில் நட்சத்திரம் வாங்கிய சில பிள்ளைகள் புதிய கணக்கில் கோட்டுக்குக் கீழே வந்தார்கள், பெரும்பாலும் அந்தக் குறிப்பு அழுத்தும் பேர்வழிகள். கொடுத்த நட்சத்திரத்தைப் பிடுங்குவதா? குழுத் தலைவர் பிடுங்க வேண்டும் என்றார். உண்மை தெரிந்த பிறகு பொய்யைத் திரையில் வைத்திருப்பது எப்படி நியாயம் என்பது அவர் வாதம். அதில் தப்பில்லை. ஆனால் பிள்ளை எதுவுமே செய்யாமல், நாம் விதியை மாற்றியதால், நேற்று இருந்த நட்சத்திரம் இன்று காணாமல் போனால், அது கணக்கைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்? நட்சத்திரம் இருக்கட்டும், அடுத்து வரும் கணக்குகளில் பின்னக் கூட்டலை நாலைந்து சேர்த்துவிடலாம், குறிப்புப் பட்டனை அந்தக் கணக்குகளில் கொஞ்சம் தாமதமாகக் காட்டலாம் என்பது நான் சொன்னது. அப்படியென்றால் ஆசிரியைக்கு எந்த எண்ணைக் காட்டுவது என்று மடக்கினார். இரண்டையும் என்றேன். அவருக்கு அது இன்னும் ஒப்பவில்லை. ஒரு மாணவருக்கு இரண்டு மதிப்பெண் வைத்திருக்கும் மென்பொருளை யார் நம்புவார்கள் என்கிறார்.

இப்போதைக்கு ஆசிரியை திரையில் இரண்டு எண்களும் வருகின்றன, பக்கத்திலேயே அந்தப் பிள்ளை எழுதிய படிகளும் வருகின்றன. அவர் எண்களைத் தாண்டி நேராகப் படிகளுக்குத்தான் போகிறார் என்று கேள்வி. பிள்ளையின் திரையிலிருந்து எண்ணை எடுத்துவிட்டோம்.